ஐந்து நிமிட ஹைலைட்ஸும் ஆறு மணி நேர வீடியோவும்: ஒரு கல்யாணப் படப்பிடிப்புச் சேவை பற்றி

சென்ற ஆவணியில் கும்பகோணத்தில் நடந்த என் அக்கா மகளின் கல்யாணத்தில், போட்டோ, வீடியோ செலவு தாய்மாமன் சீரோடு சேர்ந்து என் பொறுப்பில் வந்தது. ஸ்டூடியோவை விசாரித்துப் பிடித்தது, பேக்கேஜ் பேசியது, தவணை தவணையாகப் பணம் கொடுத்தது எல்லாம் நான்தான் என்பதால், கைக்கு வந்து சேர்ந்தவற்றை முழுவதும் பார்த்துவிட்டு எழுதுகிறேன். ஸ்டூடியோவின் பெயரை வேண்டுமென்றே தவிர்த்திருக்கிறேன். நான் குறையாகச் சொல்லப் போகிறவற்றைச் சென்னையிலும் கோவையிலும் இதே தொழிலில் இருக்கும் பலரும் இதே முறையில்தான் செய்து வருகிறார்கள். அப்படியிருக்க ஒருவரை மட்டும் பெயர் சொல்லி நிறுத்திவைப்பது நியாயமாகாது.

பேக்கேஜ் 1,60,000 ரூபாய். கேண்டிட் போட்டோகிராபர் இருவர், சினிமாட்டிக் வீடியோவுக்கு ஒருவர், 'ட்ரெடிஷனல்' என்று அவர்கள் அழைக்கும் பழைய முறை வீடியோவுக்கு ஒருவர், ட்ரோன், வரவேற்பன்று மேடையோரம் எல்இடி திரை ஆகியவை இதில் அடக்கம். முடிவில் ஐந்து நிமிட ஹைலைட்ஸ், நாற்பது நிமிடப் படம், ஏறத்தாழ ஆறு மணி நேர முழு வீடியோ, 12-க்கு 36 அங்குல ஆல்பம் இரண்டு ஆகியவற்றைத் தந்தார்கள். ஆல்பத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அச்சு சுத்தமாக இருக்கிறது, கூறைப்புடவையின் அரக்குச் சிவப்பு ஆரஞ்சாக மாறாமல் வந்திருக்கிறது, பக்கங்கள் நன்றாக விரிகின்றன. சொன்ன தேதிக்கு ஒரு மாதம் தாமதம், அவ்வளவுதான். பேச வேண்டியது வீடியோவைப் பற்றித்தான்.

ஏனென்றால் அவர்கள் கொடுத்த வாக்குறுதியும் அதைப் பற்றியதாகவே இருந்தது. பேக்கேஜ் பேசப் போன அன்று, அங்கிருந்த இளைஞர் டேப்லெட்டில் யாரோ ஒரு குடும்பத்தின் ஹைலைட்ஸைப் போட்டுக் காட்டிவிட்டு, "சார், எங்க வீடியோவைப் பார்த்து அழாதவங்களே கிடையாது" என்றார். கேமராவின் தரம் பற்றியோ லென்ஸ் பற்றியோ அவர் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. ஆக, பார்ப்பவரின் கண்ணை நனைத்துக் காட்டுவோம் என்பதுதான் அவர்கள் விற்ற சரக்கு. அதை வைத்தே அவர்களை மதிப்பிட வேண்டியிருக்கிறது.

அந்த அளவுகோலில் பார்த்தால் வெற்றிதான். ஹைலைட்ஸை வீட்டு டிவியில் போட்டபோது அக்கா அழுதார், சித்தி அழுதார், சம்பந்தி வீட்டில் இருந்தும் போன் செய்து அழுதோம் என்றார்கள். பெண்ணின் அப்பா, அதாவது என் அத்தான், மட்டும் சோபாவின் நுனிக்கு வந்து உட்கார்ந்து இன்னொரு முறை போடச் சொன்னார். தாலி கட்டும் காட்சி வந்ததும் நிறுத்தச் சொல்லி, திரையில் பெரிதாகத் தெரிந்த தன் முகத்தையே பார்த்துவிட்டு, "அது புகை, மாப்ள" என்றார்.

ஹைலைட்ஸில் அந்த இடம் வருவது இப்படி. மாப்பிள்ளையின் கை மணப்பெண்ணின் கழுத்துக்குப் பின்னால் போகிறது, முதல் முடிச்சு விழுகிறது, உடனே அத்தானின் முகம், சிவந்து கலங்கிய கண்கள், கன்னத்தில் வழியும் ஒரு கோடு, மறுபடியும் முடிச்சு, மறுபடியும் அத்தான், இந்த முறை கண்ணை மூடி முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். விநாடிக்கு 120 பிரேம் வேகத்தில் எடுத்ததை 24 பிரேமில் ஓட்டும்போது ஒரு விநாடி ஐந்து விநாடியாக நீளும் என்பதால், அவர் முகத்தைத் திருப்புவதற்கே ஒரு யுகம் ஆகிறது. பின்னணியில் பியானோ. மகளைத் தாரை வார்த்துக் கொடுத்த தகப்பனின் மனம் உடைகிறது என்று பார்ப்பவர் யாராக இருந்தாலும் நினைப்பார்கள்.

முழு வீடியோவில் அதே தாலி கட்டும் நேரத்தைத் தேடிப் பார்த்தேன். அத்தான் பின்வரிசையில் நின்று, யாருடைய தோளுக்கு மேலாகவோ அட்சதையை வீசிக்கொண்டு, வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருக்கிறார். அழும் முகம் அதற்கு முக்கால் மணி நேரம் முந்தையது. ஐயர் ஓமத்தில் நெய்யை விடுகிறார். சமித்து ஈரமாக இருந்ததோ என்னவோ, சுடர் எழாமல் வெள்ளையாகப் புகை எழும்புகிறது. ஏசி மண்டபம், திறக்க ஜன்னல் கிடையாது. மணப்பெண்ணுக்குச் சிறு வயதிலிருந்தே வீசிங் உண்டு. அத்தான் மண்டபத்து மேளக்காரர் யாரிடமோ இருந்து ஒரு பனையோலை விசிறியை வாங்கி, மணைக்கும் ஓமகுண்டத்துக்கும் நடுவில் ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்து, மகள் பக்கம் வரும் புகையைத் தன் பக்கம் தள்ளித் தள்ளி விசிறுகிறார். ஐயர் மந்திரம் சொல்லச் சொல்ல அதைத் திருப்பிச் சொல்ல வேண்டிய கடமையும் அவருக்கு இருக்கிறது. இருமலுக்கு நடுவே மந்திரத்தைப் பாதி விழுங்கிச் சொல்லிக்கொண்டே விசிறியை நிறுத்தாமல் ஆட்டுகிறார். கண்ணில் தண்ணீர் கொட்டுகிறது. துடைத்துக்கொள்ள ஒரு கை கூட மிச்சமில்லை. அதனால்தான் முகத்தைத் திருப்புகிறார்.

சினிமாட்டிக் வீடியோகிராபர் அந்த நேரத்தில் டெலி லென்ஸில் முகத்தை மட்டும் எடுத்திருக்கிறார். விசிறி சட்டகத்துக்கு வெளியே போய்விட்டது. என் பார்வையில் இந்தச் சேவையின் பெரிய குறை இதுதான். இல்லாத அழுகையை இருந்ததாகக் காட்டிவிட்டார்கள் என்பதைக்கூட ஒருவாறு மன்னித்துவிடலாம். மகளுக்காக ஒரு மனிதர் முக்கால் மணி நேரம் புகையைத் தன் முகத்தில் வாங்கிக்கொண்டிருந்தார் என்ற உண்மையான நெகிழ்ச்சி அங்கேயே, அதே விநாடியில் இருந்தது. அதைச் சீவி எறிந்துவிட்டு, அதன் ஈரத்தை மட்டும் எடுத்து வேறொரு துக்கத்தின் மேல் பூசியிருக்கிறார்கள்.

இது இவர்கள் கண்டுபிடித்த உத்தி அல்ல. 1920 வாக்கில் மாஸ்கோவில் லெவ் குலெஷோவ் என்ற திரைப்பட ஆசிரியர், இவான் மொசூகின் என்ற நடிகரின் சலனமற்ற ஒரே முகத்தை எடுத்துக்கொண்டு, ஒரு முறை சூப் தட்டோடும், ஒரு முறை சவப்பெட்டியோடும், ஒரு முறை ஒரு பெண்ணோடும் சேர்த்து வெட்டி ஒட்டினார் என்றும், பார்த்தவர்கள் நடிகர் பசியையும் துயரத்தையும் ஆசையையும் எவ்வளவு நுட்பமாக நடித்திருக்கிறார் என்று வியந்தார்கள் என்றும் சொல்வார்கள். அந்தச் சோதனைச் சுருள் இன்று கிடையாது. அவருடைய மாணவர் புதோவ்கின் எழுதிவைத்ததன் வழியாகத்தான் அது பெரிதும் அறியப்படுகிறது. முகத்துக்கு அடுத்து எதை வைக்கிறோமோ அதுவே முகத்தின் பொருளாகிவிடும் என்ற இந்த விதி இல்லாமல் எந்தப் படமும் எடுக்க முடியாது. எனவே வெட்டி ஒட்டியதை நான் குற்றமாகச் சொல்லவில்லை. ஒரு நடிகரின் வெறும் முகத்துக்கு அதைச் செய்வது ஒன்று; ஏற்கெனவே ஒரு காரணத்தோடு கலங்கிய கண்ணிலிருந்து அந்தக் காரணத்தைப் பிடுங்கிவிட்டுச் செய்வது வேறு.

உணர்ச்சியைக் காரணத்தோடு சேர்த்தே பார்க்க வேண்டும் என்பது நம் இலக்கணத்துக்குப் புதிதும் அல்ல. தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என்று எட்டைச் சொல்லிவிட்டு நின்றுவிடவில்லை. ஒவ்வொன்றும் எதிலிருந்து பிறக்கும் என்று நான்கு நான்காக, மொத்தம் 32 நிலைக்களங்களைக் கூறுகிறது. அழுகை என்றால் இளிவு, இழவு, அசைவு, வறுமை. உவகை என்றால் செல்வம், புலன், புணர்வு, விளையாட்டு. கண்ணீர் மட்டும் போதுமென்றால் இந்தப் பட்டியலுக்குத் தேவையே இல்லை. ஹைலைட்ஸைப் பார்த்து அக்கா அழுதது அக்காவுக்குத் தன் நிலைக்களம் இருந்ததால்தான். அவர் படத்தில் இல்லாததைத் தன் மனத்திலிருந்து இட்டு நிரப்பிக்கொண்டார். அத்தானால் அப்படி நிரப்பிக்கொள்ள முடியவில்லை, ஏனென்றால் அங்கே என்ன இருந்தது என்று அவருக்குத் தெரியும்.

இப்படி நடப்பதற்கான காரணம் பிறகு விசாரித்ததில் தெரிந்தது. படம் எடுத்தவர்களில் யாரும் எடிட் செய்வதில்லை. நான்கு கேமராக்களின் ஃபுட்டேஜும் வேறு ஊரில் இருக்கும் ஒரு எடிட்டருக்குப் போகிறது. கல்யாணத்துக்கு வராத, பெண் வீட்டார் யார் பிள்ளை வீட்டார் யார் என்று தெரியாத, ஒரு வேலைக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிற அவர், நூற்றுக்கணக்கான துண்டுகளில் ஈரக் கண் எங்கே தெரிகிறதோ அதை எடுத்துத் தாலி கட்டும் இடத்தில் வைக்கிறார். அவருக்கு விசிறி தெரிய வழியே இல்லை. அவரைக் குறை சொல்வதைவிட, அந்த ஏற்பாட்டைக் குறை சொல்வதுதான் சரி.

இன்னொரு குறை ஏற்பாடு சம்பந்தப்பட்டதல்ல, அறிந்தே செய்வது. வரவேற்பன்று மாலை, 'ஃபர்ஸ்ட் லுக்' என்று சொல்லி அத்தானை மண்டபத்து மாடி வராந்தாவில் முதுகைக் காட்டி நிற்கவைத்தார்கள். அலங்காரம் முடிந்த மகள் பின்னால் வந்து தோளைத் தொட வேண்டும். அவர் திரும்பிப் பார்த்து உருக வேண்டும். மகளைக் காலையிலிருந்து பத்துத் தடவை பார்த்திருந்த மனிதர், திரும்பி, "வாம்மா, சாப்பிட்டியா?" என்றார். "அங்கிள், கொஞ்சம் எமோஷனலா பாருங்க, இன்னொரு தடவை போலாம்" என்றார்கள். அடுத்த முறை அவர் உதட்டை விரித்துச் சிரித்ததைப் படத்தில் பார்த்தால் கண்ணைச் சுற்றி ஒரு சுருக்கம்கூட விழவில்லை. மனமாரச் சிரிக்கும்போது மட்டுமே கண்ணைச் சுற்றியுள்ள தசை சுருங்கும் என்று டியூஷேன் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1862-லேயே எழுதினார். பின்னாளைய ஆய்வுகள் அந்தச் சுருக்கத்தையும் பலரால் வேண்டுமென்றே வரவழைக்க முடியும் என்று காட்டிவிட்டன. ஆனால் அத்தான் அந்தப் பலரில் ஒருவர் அல்ல.

நடிப்பு என்பதால்தான் இது பொய்யாகத் தெரிகிறது என்று எளிதாகச் சொல்லிவிடலாம். அது சரியாக இராது. கல்யாணத்தில் பாதி நடிப்புதான். சில வீடுகளில் காசி யாத்திரை என்று மாப்பிள்ளை குடையும் தடியுமாகக் கிளம்புவார். அவர் காசிக்குப் போகப் போவதில்லை என்று வாசலில் நிற்கிற குழந்தைக்குக்கூடத் தெரியும். ஆனாலும் பெண்ணின் தகப்பனார் வழிமறித்து அழைக்கும் நேரத்தில் சிலருக்குத் தொண்டை அடைக்கும். எங்கள் வீட்டில் தாய்மாமன் பட்டம் கட்டும் சடங்கு உண்டு. எந்தக் கையால் எடுப்பது, எப்படி நெற்றியில் வைத்துக் கட்டுவது என்று பக்கத்தில் இருந்து பெரியம்மா சொல்லிக்கொண்டே இருந்தார். என்ன செய்ய வேண்டும் என்று கட்டளை இருந்ததே தவிர, என்ன உணர வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. நூல் நழுவிவிடக் கூடாதே என்ற கவலையில் நான் இருந்தேன். மற்றது தானாக வந்தது. இழவு வீட்டில் ஒப்பாரி சொல்லும் பெண்கள்கூட வழிவழியாக வந்த அடிகளைத்தான் பாடுகிறார்கள். அழுகை அந்த அடிகளின் ஓரத்தில் எங்கேயோ வருகிறது அல்லது வராமல் போகிறது. ஃபர்ஸ்ட் லுக்கில் இது தலைகீழ். செய்வதற்கு அங்கே ஒன்றுமில்லை, உணர்வதற்கு மட்டும் கட்டளை.

ஒலியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஹைலைட்ஸிலும் நாற்பது நிமிடப் படத்திலும் மண்டபத்தின் சத்தம் ஏறக்குறைய இல்லை. தாலி கட்டும்போது அபசகுனமான தும்மலோ அழுகையோ காதில் விழக் கூடாது என்றுதான் கெட்டிமேளம் கொட்டுவதாகப் பெரியவர்கள் சொல்வார்கள். அந்தக் கெட்டிமேளத்தையே காதில் விழாமல் செய்துவிட்டு அதன் மேல் பியானோவை வைத்திருக்கிறார்கள். தவிலும் நாகஸ்வரமும் உச்சத்துக்குப் போய் ஒரு நொடியில் மொத்த மண்டபமும் எழுந்து நிற்கும் அந்த அதிர்வுதான் பலருக்குக் கண்ணீரை வரவழைப்பது. அதுவே போய்விட்டால், காரணமில்லாமல் வாயசைக்கும் மனிதர்கள்தான் மிஞ்சுகிறார்கள். விஎச்எஸ் காலத்து வீடியோக்களிலும் சினிமாப் பாட்டுதான் போட்டார்கள், இதய வடிவச் சட்டகத்துக்குள் மணமக்களைச் சுழலவிட்டார்கள் என்பது உண்மை. ஆனால் அது ஜோடனை என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. மேடையில் தொங்கும் சீரியல் லைட் மாதிரி அது வெளியிலேயே இருந்தது. இன்றைய பியானோ திரையில் தெரிபவரின் மனத்துக்குள்ளிருந்து வருவதாகப் பாவனை செய்கிறது. சினிமாப் பாட்டைப் போட்டால் யூட்யூபின் கன்டென்ட் ஐடி கண்டுபிடித்துவிடும் என்பதால் உரிமை வாங்கிய பொது இசையைத்தான் போடுகிறார்களாம். ஸ்டூடியோவின் யூட்யூப் பக்கத்தில் உள்ள வேறு மூன்று குடும்பங்களின் வீடியோக்களிலும் அதே பியானோ துண்டு இருக்கிறது.

இனி, பாராட்ட வேண்டியதைப் பாராட்டிவிடுகிறேன். ட்ரெடிஷனல் வீடியோ எடுத்தவர் அறுபதை நெருங்குகிறவர். ட்ரைபாடை ஓரமாக ஊன்றிக்கொண்டு, அகலமாக வைத்து, அவசரப்படாமல் எடுத்திருக்கிறார். ஆறு மணி நேரத்தில் பெரும்பகுதி சலிப்பானதுதான். பந்தியில் இலை இலையாகக் கேமரா நகர்கிறது, மொய் எழுதும் மேசையில் ஒருவர் பேனாவைத் தேடுகிறார், ஒரு குழந்தை மேடைக்குப் பின்னால் போய்த் திரும்பவே மாட்டேன் என்கிறது. இந்தத் தொகுப்பில் பேக்கேஜ் விலைக்கு உண்மையாகப் பெறுமானது இதுதான் என்பது என் கருத்து. விசிறி இருப்பது இதில்தான். பெண்ணை மறுவீட்டுக்கு அனுப்பும் காட்சி முழுவதும் இருப்பதும் இதில்தான்.

அந்தக் காட்சியை ஹைலைட்ஸ் எப்படிக் காட்டுகிறதென்றால், பெண் கண்ணீரோடு திரும்பிப் பார்க்கிறாள், கூந்தலில் மல்லிகை மெல்ல ஆடுகிறது, அப்பாவின் அன்பு பற்றி ஆங்கிலத்தில் ஒரு வரி தோன்றி மறைகிறது. அந்தக் கண்ணீர் நிஜமானது; நான் பக்கத்திலேயே நின்றிருந்தேன். ஆனாலும் படத்தில் அது விளம்பரக் கண்ணீராகத்தான் தெரிகிறது. முழு வீடியோவில் கார் கதவு திறந்திருக்கிறது, யாரோ பழத்தட்டை டிக்கியில் வைக்க இடம் கேட்கிறார்கள், அத்தான் குனிந்து, "பம்ப் பையில இருக்கா?" என்கிறார். "இருக்குப்பா." "ரெண்டுமா?" "ரெண்டும்." "எந்தப் பை?" அவள் காட்டுகிறாள். அவர் சரி என்று தலையை ஆட்டிவிட்டு முன்பக்கம் போய், ஏசியைக் குறைத்து வைக்கும்படி டிரைவரிடம் சொல்கிறார். சொல்லிவிட்டுத் திரும்பி வரும்போது அவரால் மறுபடியும் ஜன்னல் பக்கம் வர முடியவில்லை. காருக்குப் பின்னாலேயே நின்றுவிடுகிறார். அவர் வராததைக் கண்டுதான் அவள் அழத் தொடங்குகிறாள். ஹைலைட்ஸ் தொடங்குவது இந்த இடத்தில்தான், அதற்கு முந்தைய பம்ப், பை, டிரைவர் எல்லாவற்றையும் விட்டுவிட்டு.

மாற்றுக் கருத்தையும் சொல்ல வேண்டும். கல்யாணப் பெண்ணுக்கு ஹைலைட்ஸ் பிடித்திருக்கிறது. "மாமா, அது ஃப்ரெண்ட்ஸுக்குப் போடுறதுக்கு. நமக்குத்தான் ஃபுல் வீடியோ இருக்கே" என்றாள். நியாயமான பேச்சுதான். ஆனால் ஆறு மணி நேரத்தை உட்கார்ந்து பார்க்கப் போவது எத்தனை பேர்? இருபது வருடம் கழித்து இவளுடைய பிள்ளைகள் கையில் இருக்கப் போவது அந்த ஐந்து நிமிடம்தான். தாத்தா தாலி கட்டும்போது அழுதார் என்று அவர்கள் நம்பிக்கொண்டிருப்பார்கள். சிரித்தார் என்பதும், அதற்கு முன்னால் விசிறினார் என்பதும் போய்விடும்.

ஒப்பந்தப்படி ஒரு முறை திருத்தம் இலவசம். அதைப் பயன்படுத்தி, தாலி கட்டும் இடத்தில் அத்தான் அட்சதை போட்டுச் சிரிப்பதையும், அதற்கு முன் விசிறியோடு அவர் இருக்கும் அகலமான காட்சியையும் வைக்கும்படியும், கெட்டிமேளத்தை மண்டபத்தில் ஒலித்தபடியே விடும்படியும் நேரத்தைக் குறித்துக் கொடுத்தேன். ட்ரெடிஷனல் கேமராவின் நிறமும் சினிமாட்டிக் கேமராவின் நிறமும் ஒட்டாது என்று எடிட்டர் தயங்கினார். ஒட்டாவிட்டால் பரவாயில்லை என்று சொன்ன பிறகு செய்து கொடுத்தார். நிறம் ஒட்டவில்லை என்பது உண்மைதான்; விசிறிக் காட்சி சற்று மஞ்சளாக, பழைய வீடியோ போலத் தனித்துத் தெரிகிறது. அத்தான் அதை ஒரு தடவை பார்த்துவிட்டு, ஐயர் அன்றைக்கு நல்ல சமித்து கொண்டுவரவில்லை என்று பேச ஆரம்பித்துவிட்டார். கேட்டதைத் தகராறு இல்லாமல் செய்து தந்ததற்காக ஸ்டூடியோவுக்கு என் மதிப்பில் கொஞ்சம் ஏற்றம் உண்டு.

இதே வகைச் சேவையை எடுக்க இருப்பவர்களுக்கு நான் சொல்லக்கூடியது, ட்ரோனையும் எல்இடி திரையையும் குறைத்துக்கொண்டு, அந்தப் பணத்தில் ட்ரெடிஷனல் வீடியோவுக்கு அனுபவமுள்ள ஒருவரை, முடிந்தால் இன்னொரு கேமராவோடு, கேட்டு வாங்குங்கள் என்பதுதான். முகூர்த்தத்துக்கு முன்பே வீட்டாரில் ஒருவர் எடிட்டரோடு போனில் பேசி, யார் யார் எந்த உறவு என்பதையும், எந்தக் காட்சியில் இசை வேண்டாம் என்பதையும் சொல்லிவிடுவது நல்லது. ஃபர்ஸ்ட் லுக் வேண்டாம் என்று பெரியவர்கள் சார்பில் நீங்களே மறுத்துவிடலாம். அவர்களால் மறுக்க முடியாது. கடைசித் தவணையை, வெட்டாத ஃபுட்டேஜ் முழுவதும் அடங்கிய ஹார்டு டிஸ்க் கைக்கு வந்து, அதைத் திறந்து பார்த்த பிறகு கொடுங்கள். டிஸ்கை நாமே வாங்கித் தர வேண்டும் என்பதை எங்களிடம் கடைசி நேரத்தில்தான் சொன்னார்கள்.